நானூறு கிராம்

நானூறு கிராம் என்றால் முப்பிடாதிக்குத் தராசு வேண்டாம். வலது கையைக் கொஞ்சம் குழித்துப் பிடித்தால் போதும். கால் கிலோ கத்தரிக்காய்க்கு விரல் எவ்வளவு மடங்கும், அரைக் கிலோ தக்காளிக்கு மணிக்கட்டு எவ்வளவு தாழும் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கைக்குப் பாடம். சுகாதார நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவள் கேட்காமலே கை மடிமேல் குழிந்து நின்றது. சுவரில் ஒரு பெரிய தாள். தாளில் ஒரு தட்டு. சொத்துப் பிரிக்கிற மாதிரி தட்டைப் பங்கு போட்டிருந்தார்கள். பாதிக்குக் காயும் கீரையும் பழமும், கால்வாசிக்குச் சோறு, மிச்சத்தில் பருப்பு, முட்டை, மீன், ஒரு கை கடலை, ஓரமாய் ஒரு தம்ளர் பால். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எடை. மேலே அரசாங்க முத்திரை. அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். ஒரு நாளைக்கு. ஒரு ஆளுக்கு. காயும் கீரையும் நானூறு கிராம். ஒரு ஆளுக்கா? வீட்டுக்கு என்று போட வந்தவன் கை தவறி ஆளுக்கு என்று போட்டுவிட்டானா? நானூறு கிராம் காய் வாங்கிக்கொண்டு போய் நாலு பேருக்குக் குழம்பு வைக்கிற பெண்டுகளைத்தான் அவளுக்குத் தெரியும். அதிலும் கொசுறாக ரெண்டு பச்சை மிளகாய், ஒரு இணுக்கு கறிவேப்பிலை. எதையும் சொன்ன அளவில் ஒப்புக்கொள்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. நானூறையும் இறக்கத் தொடங்கினாள். முந்நூறு வச்சுக்கிடலாம். அதுவும் கூடுதல். காய் இருநூறு, கீரை ஒரு பிடி, அத்தோடு முடி. பால் முந்நூறு மில்லியா, அது கைப்பிள்ளைக்கு. டீயில் விழுகிற பாலைக் கழித்துக்கொள். பருப்பு எண்பத்தைந்து என்னத்துக்கு, ரசத்தில் தெளிவு எடுத்து விட்டால் அதுவும் பருப்புதானே. பழம் நூறு, போகட்டும், ஒரு வாழைப்பழம், அதுவும் கறுத்தது. கடலை வேண்டாம், பித்தம். ஒவ்வொன்றாய் அடித்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்து முட்டையில் நின்றபோதுதான், எதிரே ஆள் இல்லாமல் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கட்டாது என்று யாரும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு யாரும் அடுத்த கடைக்கு நடக்கவில்லை. தாள் அது பாட்டுக்குச் சுவரில் இருந்தது. தான் இறக்கி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்திய அளவை முப்பிடாதி பார்த்தாள். அது அவள் வீட்டில் பொன்செல்விக்கு வைக்கிற தட்டாக இருந்தது.

பொன்செல்வி பக்கத்தில்தான் இருந்தாள். எட்டு முடிந்து ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. வயிற்றின் மேல் ரெண்டு கையையும் கோத்து வைத்திருந்தாள். அந்த நகங்களைப் பார்க்க வேண்டாம் என்று முப்பிடாதி காலையிலிருந்து தவிர்த்துக்கொண்டு வருகிறாள், கண் அங்கேயே போய் விழுகிறது. தோல் சீவின முள்ளங்கி நிறம். வந்ததுமே விரலில் குத்தி ரத்தம் எடுத்தாயிற்று. கர்ப்பிணிப் புத்தகத்தில் எழுதியும் ஆயிற்று. ஏழு புள்ளி எட்டு. படிப்புதான் குறைவே தவிர எண்ணில் முப்பிடாதியை யாரும் ஏய்க்க முடியாது. அதே பக்கத்தில் மேல் வரியில், மாமியார் வீட்டில் இருந்தபோது சுரண்டையில் எழுதினது, பத்து புள்ளி ஆறு. நடுவில் ஏழு வாரம். காலையில் எண்ணி வைத்த தேங்காய் சாயங்காலம் குறைந்தால் கடையில் நின்றது யார் என்று பார்த்தால் போதும், எடுத்தவன் கிடைத்துவிடுவான். இந்த ஏழு வாரமும் கடையில் நின்றது யார்? நர்சம்மா ஜெபராணி புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினாள். "என்னம்மா, ரெத்தம் இப்படிச் சறுக்கிருக்கு? வீட்டுல என்ன சாப்பிடுதான்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதணும். கூப்பிடுதேன், இருங்க." ஒவ்வொண்ணா. அந்தச் சொல்தான் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளிப்பது முப்பிடாதிக்குப் பெரிய வேலை இல்லை. கடையில் பழுத்த புடலங்காயைப் பிஞ்சு என்று சத்தியம் செய்தவள். ஆனால் ஒவ்வொண்ணா என்றால் ஒவ்வொன்றாய் ஞாபகப்படுத்த வேண்டும். ஞாபகப்படுத்தினால் பார்க்க வேண்டும்.

வளைகாப்பு அன்றைக்கு என்ன பேச்சு பேசினாள். அதை நினைத்ததும் காது சூடாயிற்று. ஏழாம் மாதம், சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல், ஐந்து வகைச் சோறு, கைநிறைய வளையல். தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா வந்திருக்கலாம். சம்பந்தி சண்முகத்தாயைப் பார்த்து, நாலு பேர் கேட்க, "என்ன மைனி, எம்பிள்ளைய வத்தல் போட்டு வச்சிருக்கியளா? ரெண்டு மாசம் எங்கையில விடுங்க, தடியங்காயா உருட்டிக் காட்டுதேன்" என்றாள். பூசணிக்காயாய் உருளப்போகிற மகளை நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். சண்முகத்தாயும் சிரித்தாள். அவளுக்குக் குரல் உயராது, அதுவே முப்பிடாதிக்கு எரிச்சல். "தடியங்காய்லாம் வேண்டாம் மைனி, வயிறு நெறஞ்சாப் போதும். காலைல ஒரு முட்டை, மத்தியானம் ஒரு கீரை. முதல்ல மாட்டேன்னா, இப்பம் அது இல்லாம எறங்காது, பழக்கிட்டேன்." "கீரைக்கடைக்காரிக்குக் கீரை சொல்லித் தாரியளாக்கும்!" என்று முப்பிடாதி முந்தானையை உதறினாள். அதற்கும் சிரித்தார்கள். அப்போது வென்றுவிட்டதாகத்தான் இருந்தது. வேனில் வரும்போது பொன்செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து, சுரண்டை தாண்டுகிற வரைக்கும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை திருப்பூரில் வேலைக்கு இருக்கிறான், அவனை நினைத்து ஏங்குகிறாள் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டாள். வீட்டில் இல்லாத புருஷனை அந்த வீட்டு வாசலிலா தேடுவாள்? இப்போது தோன்றுகிறது. இதெல்லாம் ஏன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு தோன்றுகிறது.

"யக்கா, நீங்க மார்க்கெட் வாசல்ல கீரைக்கடைதான?" பெஞ்சின் மறு கோடியிலிருந்து ஒருத்தி. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளாம்.

"ஆமா."

"ஒங்க மவளா? என்ன இப்படி வெளுத்துப் போயிருக்கா? ஒங்க வீட்டுலயே கீரைக்குப் பஞ்சம்னா நாங்கள்லாம் எங்க போவோம்!" அவள் சும்மாதான் சொன்னாள். பேச்சுக்குச் சொல்கிறவள் முகம். தங்கச்சிகூடச் சிரித்தது.

"ஒங்க வேலையப் பாருங்க தாயி. ரெத்தம் கொறஞ்சவ வெளுக்காம மாநிறமாவா இருப்பா?" வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பொன்செல்வி மெல்ல, "யம்மா, விடும்மா" என்றாள். "பசிக்குதாட்டி?" என்று கேட்டாள் முப்பிடாதி. "இல்லம்மா." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எப்போது கேட்டாலும் அப்படித்தான். இல்லம்மா. சின்னதிலிருந்தே அப்படி. பசி எடுக்காத பிள்ளை என்று அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், எம்பிள்ளைக்கு வாயும் சின்னது வயிறும் சின்னது என்று.

கீரைக்குப் பஞ்சமா. சரி, எண்ணிப் பார்ப்போம், என்ன கெட்டுப்போச்சு. போன திங்கள். திங்கள் சாயங்காலம் அரைக்கீரை நாலு கட்டு மிஞ்சினது, கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. ராத்திரி கீரை ஆகாது, அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகவே ஆகாது, காலையில் பாத்துக்கிடலாம் என்று ஈரச்சாக்கு போட்டு மூடினாள். காலையில் அவள் நாலு மணிக்கு ஏலத்துக்குப் போய்விட்டாள். பொன்செல்வி எழுந்து பார்க்கும்போது கீரை கொழகொழத்திருக்கும். அது எங்கே போனது? அடுத்த வீட்டு ஆட்டுக்கு. செவ்வாய், சிறுகீரை, சாயங்காலம் வந்தது. ராத்திரி ஆகாது. ஆட்டுக்கு. புதன், கீரை மிஞ்சவே இல்லை, ஒட்டுக்க விற்றுப்போனது, அன்றைக்குச் சந்தோஷமாக வந்தாள். வியாழன் பொன்னாங்கண்ணி, சாயங்காலம். வெள்ளி முருங்கைக்கீரை, சாயங்காலம், முருங்கை சூடு வேறு. விரலை ஒவ்வொன்றாய் மடக்கிக்கொண்டு போனவள் அப்படியே நின்றாள். மேலே தொடரப் பயமாக இருந்தது, ஆனாலும் மனசு தொடர்ந்தது, அதற்கு முந்தின வாரம், அதற்கும் முந்தின வாரம், பொன்செல்வி பள்ளிக்கூடம் போன காலம், பால் குடி மறந்த காலம். விடியற்காலையில் கீரை கடைக்கு வருகிறது. கடைக்கு வந்தது விற்பதற்கு. விற்காதது சாயங்காலம் வீட்டுக்கு வருகிறது. சாயங்காலம் கீரை தின்னக் கூடாது. இதில் கீரை தின்கிற நேரம் எங்கே இருக்கிறது? இருபத்திரண்டு வருஷம். ஒரு ஊருக்கே கீரை கட்டிக்கொடுத்த கையில் ஒருநாள்கூட இந்த முடிச்சு தட்டுப்படவில்லை. அந்தத் தாளில் போட்டிருக்கிற பச்சையை அளவு தப்பாமல் தின்றது அடுத்த வீட்டு ஆடுதான். அது போன மாதம் ரெண்டு குட்டி போட்டது, ரெண்டும் கொழுகொழுவென்று நிற்கிறது.

கடையில் இருக்கும்போதே ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தால்? எடுக்க வராது. கை வராது. அது கஞ்சத்தனம் இல்லை, யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது, கோயில் கொடைக்கு வண்டி நிறையக் காய் ஏற்றி அனுப்புகிறவள். ஆனால் கடையில் விரித்த நல்ல சரக்கு வாடிக்கைக்கு, கழிவு வீட்டுக்கு. அப்படித்தான் ஏறி வந்தாள். கட்டினவன் லாரியில் கிளீனராக ஏறிப் போனவன் போனவன்தான். மூணு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த முதல் வாரம். பிள்ளை அழுதது. ஒரு பிஞ்சை எடுத்துக் கையில் கொடுத்தாள். அது எச்சில் ஒழுகக் கடித்துக்கொண்டே கூடையில் கையை விட்டது. அந்த நேரம் பார்த்து வந்து குனிந்த ஒரு அம்மாள், "ஐய, பிள்ள எச்சில் பண்ணினதயா விக்கே?" என்று பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தாள். அன்று முழுக்க ஒரு பிஞ்சு போகவில்லை. சாயங்காலம் அவள் பிள்ளையின் கையில் ரெண்டு அடி வைத்தாள், மூணு வயசுக் கையில், இன்னமே கூடையத் தொடுவியா, தொடுவியா என்று. தொடவில்லை. அதற்குப் பிறகு தொடவே இல்லை. ஒரே தடவையில் படித்துக்கொண்டது. எவ்வளவு சூட்டிகையான பிள்ளை என்று அதையும் பெருமையாகத்தான் வைத்திருந்தாள். வளர்ந்து, கல்யாணமாகி, வயிற்றில் ஒன்றோடு திரும்பி வருகிற வரைக்கும் தொடவில்லை. அதன் பிறகுதான். இல்லை, அது வேண்டாம். அதை நர்சம்மா கேட்கப் போவதில்லை.

கேரட். அது வந்துவிட்டது. காலையில் இருந்து சுவர்த் தாளில் அந்த ஆரஞ்சு நிறத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், இனித் தாண்ட இடமில்லை. மூணு வாரம் இருக்கும். ஊட்டி கேரட், கழுவி, தழையோடு கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டு. அவளுக்குக் காலைச் சாப்பாடு கொண்டுவந்த பொன்செல்வி வெங்காய மூட்டைமேல் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை நீட்டி ஒரு கேரட்டை உருவி, ஒரு கடி. கறுக்கென்று அந்தச் சத்தம். முப்பிடாதி திரும்பினாள். எதிரே டீச்சரம்மா பையை விரித்துக்கொண்டு வருகிறாள், அன்றைக்கு முதல் ஆள். "போணி ஆகல, அதுக்குள்ள வாயில வைக்கியே, கழுத! வெளங்குமா?" பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் பிள்ளையின் உதட்டில் நகம் பட்டது. பிடுங்கினதோடு விட்டாளா. கத்தியை எடுத்துக் கடிபட்ட நுனியைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கோபுரத்தில் செருகினாள், வெட்டுவாய் உள்பக்கமாக இருக்கும்படி. டீச்சரம்மா அரைக் கிலோ கேட்டாள். கை அதையும் சேர்த்துத்தான் அள்ளிப் போட்டது. வேண்டுமென்று போடவில்லை, வேண்டாமென்றும் விடவில்லை, கைக்கு அப்படித்தான் ஓடும். பொன்செல்வி வாயில் இருந்த துண்டை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. தராசுத் தட்டையே பார்த்தபடி அப்படியே அடக்கி வைத்திருந்தாள். பிறகு "வாரேம்மா" என்று எழுந்து போனாள். ஒரு வயிற்றுப் பிள்ளைக்காரி வெயிலில் நடந்து போகிறதைப் பார்த்து, சொரணை கெட்டதுக்கு ரோஷத்தைப் பாரு என்றுதான் தோன்றியது. சீவின நுனியையாவது அவள் கையில் கொடுத்திருக்கலாம். எச்சில் பட்டது, வேறு யாருக்கும் ஆகாதது, அவளுக்கே ஆனது. அதைக்கூடக் கழிவுக் கூடையில்தான் எறிந்தாள். ஒரு கடிக்கு என்ன எடை இருக்கும், பதினைந்து கிராம். கை மடியில் மறுபடியும் குழிந்தது. பதினைந்து கிராமுக்குக் கை ஒன்றும் தாழாது. தாழாதது இவ்வளவு கனம் கனக்கிறது.

பயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும், பயம் இல்லாமல் இல்லை. பக்கத்து மீன்கடைக்காரி மகளுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், பிள்ளை பெரிசு, மூணே முக்கால் கிலோ, தாய்க்காரி மூணு மாசம் குனிந்து நிமிர முடியாமல் கிடந்தாள். முப்பிடாதி கஞ்சியும் துவையலும் குடித்துப் பொன்செல்வியைப் பெற்றாள், நடுவீட்டில், வலி எடுத்து ஒரு நாழிகையில் வழுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளை சிறுத்து இருந்தால் தாய் பிழைத்தாள். அதனால்தான் மகள் இன்னொரு கரண்டிக்குத் தட்டை நீட்டினபோதெல்லாம், "போதும்ட்டி, உள்ள இருக்கது பெருத்துரும்" என்றாள். அது மகள் உடம்பின்மேல் இருக்கிற கரிசனம்தான். கரிசனம்தானா? கத்திப் பயம் முந்தி வந்ததா, கரண்டி வர மறுத்தது முந்தி வந்து பயம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டதா? இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. மத்தவங்க மனசில் என்ன விலை ஓடுகிறது என்று முகம் பார்த்துச் சொல்லுவாள். தன் மனசில் என்ன ஓடினது என்று சொல்லத் தெரியவில்லை. சண்முகத்தாய்க்கு இந்தப் பயம் இல்லையா, அவள் முட்டை வைத்தாளே. அவளுக்கு என்ன, ஊரான் பெற்றது. இல்லை. அப்படி நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊரான் பெற்றதற்குத்தான் அவள் வைத்தாள்.

"பொன்செல்வி! கூட யாரு வந்திருக்கா, ரெண்டு பேரும் வாங்க."

உள்ளே ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, எடை பார்க்கிற கருவி. ஜெபராணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மகளைப் பார்த்துத்தான் கேட்டாள். "நேத்து காலைல இருந்து சொல்லு. எழுந்ததும் என்ன சாப்ட்ட?"

முப்பிடாதி தரையைப் பார்த்தாள். இவ்வளவுதான். இதோ சொல்லிவிடுவாள். பழையது, ஊறுகாய். பதினோரு மணிக்குக் கட்டன் டீ. மத்தியானம் சோறு, அழுகல் தக்காளி ரசம், அப்பளம். ராத்திரி அதே ரசம். சொல்லட்டும்.

"காலைல மூணு இட்லி, பருப்புச் சாம்பார், ஒரு முட்டை," என்றாள் பொன்செல்வி. "பதினோரு மணிக்குப் பால். மத்தியானம் சோறு, கீரைக் கூட்டு, கேரட் பொரியல், தயிர். சாயங்காலம் கடலை, ஒரு கொய்யா. ராத்திரி சப்பாத்தி, மீன்."

ஒரு தடுமாற்றம் இல்லை. சுவரில் இருக்கிற தட்டு மகளின் வாயிலிருந்து அப்படியே இறங்கியது. நானூறு கிராமும் வந்தது, முந்நூறு மில்லியும் வந்தது. அந்தக் கேரட்டைக்கூடப் பொரியல் ஆக்கி வைத்துவிட்டாள். முப்பிடாதி தலையைத் தூக்கினாள். பொன்செல்வி அம்மாவைப் பார்க்கவில்லை. நர்சம்மாவையே நேராகப் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு நரம்பு அசையாமல் இருந்தாள். ஏலத்தில் நிற்கிற முகம். அது எங்கிருந்து வந்தது என்று முப்பிடாதிக்குத் தெரியும்.

"தெனமும் இப்படித்தானா? மாத்திரையும் போடுதியா?"

"தெனமும். போடுதேன்."

ஜெபராணி பேனாவைக் கீழே வைத்தாள். "இம்புட்டும் சாப்ட்டு ரெத்தம் எறங்குதுன்னா, அப்போ இது சாப்பாட்டுக் குறை இல்லியே. உள்ள எங்கயோ ரெத்தம் போவுது, இல்ல வேற என்னமோ. ஒன்பதாம் மாசத்துல வச்சுக்கிட்டு இருக்க முடியாது தாயி. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். இன்னைக்கே போயிச் சேந்துருங்க. பெட்ல போட்டு ஒவ்வொரு டெஸ்டா எடுப்பாங்க." அச்சடித்த தாள் ஒன்றை உருவி மகளின் பெயரை எழுதத் தொடங்கினாள். பொன்செல்வியின் கண் மட்டும் கொஞ்சம் பெரிதானது. அவள் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் குழாயாய் ரத்தம் கொடுத்துவிட்டுப் படுத்துக் கிடப்பாளே தவிர, திறக்க மாட்டாள்.

"நர்சம்மா, எழுதாதிங்க."

"என்ன?"

"அவ சொன்னது பூராப் பொய்யி." குரல் கடையில் கூவுகிற உயரத்துக்குப் போய்விட்டது, இறக்கத் தெரியவில்லை. "நேத்து காலைல பழையது. மத்தியானம் ரசம். ராத்திரியும் ரசம். முட்டை இல்ல. பாலு இல்ல. ஏழு வாரமா ஒரு கீரை அவ வாயில போகல. அவ கேக்காம இல்ல, நாந்தான் குடுக்கல."

"யம்மா!"

"சும்மா கெடட்டி."

ஜெபராணி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள் என்று முப்பிடாதி காத்திருந்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், கொஞ்சம் லேசாகும். அவள் கத்தவில்லை. எழுதின தாளை ரெண்டாக மடித்து ஓரமாக வைத்தாள். "மொதல்லயே சொல்லிருந்தா என்னம்மா? சரி. டாக்டர்ட்ட சொல்லுதேன். இரும்புச்சத்து ஊசி இங்கயே ஏத்திக்கிடலாம், நாலஞ்சு தடவ வரணும். ஆனா ஊசி மட்டும் போட்டா ஒப்பேறாது, சாப்பாடு நடக்கணும். இன்னைலருந்து, நேரா நேரத்துக்கு. இன்னும் மூணு நாலு வாரந்தான் இருக்கு. பேறுகாலத்துல ரெத்தம் போச்சுன்னா தாங்க மாட்டா. நடக்குமா ஒங்க வீட்டுல?"

நடக்கும் என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாயை முப்பிடாதி நிறுத்தினாள். நாளைக்கு நடக்கும். நாளைக்கு அவளே முட்டை அவித்து, கீரை கடைந்து, கையால் ஊட்டிக்கூட விடுவாள். நாளன்றைக்கும். அதற்கடுத்த நாள் முகூர்த்தம், நாலு மணிக்கு ஏலத்தில் கீரை விலை ஏறியிருக்கும், கடை வாசலில் ஆள் நிற்கும், மூணு கட்டுதான் மிச்சம் இருக்கும், கை எந்தப் பக்கம் போகும்? இருபத்திரண்டு வருஷமாய் அந்தக் கையை அவளுக்குத் தெரியும். மற்ற எல்லாரையும் ஏமாற்றினாலும் அதை ஏமாற்ற முடியாது.

"நடக்காது," என்றாள். "நடக்கிற எடம் ஒண்ணு இருக்கு. இருங்க, வாரேன்."

வெளியே வந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றபடியே போனை எடுத்தாள். ரெண்டாவது மணியிலேயே சண்முகத்தாய் எடுத்துவிட்டாள். "சொல்லுங்க மைனி. பிள்ள சொகமா இருக்காளா?"

"மைனி, மத்தியானத்துக்கு ஒலை வைக்கும்போது அவளுக்கும் சேத்துப் போடுங்க. டாக்டரப் பாத்துட்டு நேரா அங்க கூட்டிட்டு வாரேன். பேறுகாலம் வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"என்ன மைனி, திடீர்னு? தலைப்பிரசவம்லா, தாய்வீட்டுலதான பாக்கணும்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? எங்க மேல எதும் கோவமா?"

பெஞ்சில் அந்தப் பெண்ணும் தங்கச்சியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலுக்கு வெளியே நாலு எட்டு நடந்தால் யார் காதிலும் விழாது. முப்பிடாதி நடக்கவில்லை.

"கோவம் இல்ல மைனி. எங்க வீட்டுல அவளுக்குச் சோறு பத்தல."

தடியங்காய் என்று அன்றைக்குச் சிரித்தவர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு சண்முகத்தாய் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு வார்த்தை திருப்பிப் பேசுவதில்லை என்று முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அங்கே ஏதோ பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

"வாங்க," என்றாள் சண்முகத்தாய். பிறகு, குரலைத் துளியும் உயர்த்தாமல் கேட்டாள். "நீங்க சாப்ட்டியளா மைனி?"